இருமும் கறவைப் பசு: காசநோயாக இருக்குமா?

கேள்வி (கே.வி.குப்பம்):
வணக்கம். எங்கள் கறவைப் பசு வறட்டு இருமலுடன் நாளுக்கு நாள் இளைத்து வருவதால், காசநோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். கன்றுக்குப் பால் விடலாமா? மாட்டை இழந்தால் உதவி கிடைக்குமா?

பதில் 1:
ஐயா, அறிகுறிகளை மட்டும் வைத்து உறுதி செய்ய இயலாது. கால்நடை மருத்துவர் தோலுக்குள் டியூபர்குலின் என்னும் காசநோய்ப் பரிசோதனை மருந்தைச் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து அந்த இடத்தின் தடிப்பை அளந்து பார்ப்பார். அதுவரை அந்தப் பசுவைத் தனியே கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிடுங்கள்.

பதில் 2:
காய்ச்சாத பாலைக் கன்றுக்கும் பிள்ளைகளுக்கும் தரவே கூடாது. நன்கு கொதித்தால் கிருமி அழியும். வீட்டில் யாருக்கேனும் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பதில் 3:
காப்பீடு இருந்தால் காதுவில்லையை (மாட்டின் காதில் பொருத்திய அடையாள எண் வில்லை) அகற்றாமல் நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். நோயுற்ற மாட்டை வேலூர் அருகே உள்ள பொய்கை மாட்டுச் சந்தையில் விற்றால் நோய் இன்னோர் ஏழையின் தொழுவத்துக்குப் போய்விடும். ஆயினும் இழப்பு முழுவதையும் உழவரே சுமக்கும் வரை அந்த விற்பனையைத் தடுப்பது கடினம் என்பதால், உரிய இழப்பீட்டை அரசே வழங்க வேண்டும்.