"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" – ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள், நம் அனுபவங்கள்

பள்ளி ஆலோசகர், ராமநாதபுரம்

பாம்பன் முதல் தொண்டி வரை எந்த ஊரில் ஒரு பிள்ளையைப் புதிதாகப் பார்த்தாலும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" சின்னப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடும். எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் சிலருக்கு அந்தக் கேள்விக்கு நாக்கு எழாது. வீட்டையும் ஊரையும் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைதான் பெரும்பாலும் தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது, பள்ளிக்கு வரவே பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து உட்கார்கிறது.

ஜீன் ஃபின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் 1989-இல், பதின்வயதினர் தங்கள் இன அடையாளத்தை மூன்று கட்டமாக எட்டுகிறார்கள் என்று எழுதினார். முதலில் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. அப்புறம் கேள்வி கேட்டுத் தேடுகிறார்கள். கடைசியில் தெளிந்து, தனதென்று ஏற்கிறார்கள். அவர் பார்த்தது அந்த நாட்டுப் பிள்ளைகளை. நம் கரையில் யாராவது குத்திப் பேசும்போதுதான் அந்தத் தேடல் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் "மீன் வாடை அடிக்குது" என்று தள்ளி உட்கார்ந்ததிலிருந்து யாரோடும் சேர மாட்டாள். அம்மா கடலில் பாசி எடுப்பவர். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள்; அப்படியும் பாறை கிழித்துவிடும். அந்தக் கையோடு அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடக் கூடாதென்று, கூட்டத் தேதியையே வீட்டில் மறைத்துவிட்டாள்.

ஒருநாள் வகுப்பில் மன்னார் வளைகுடா பற்றிப் பேச்சு வந்தது. பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைமை ஏற்று, 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வாங்கிய சின்னப்பாலம் லட்சுமியைப் பற்றி அறிவியல் டீச்சர் சொன்னார். மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதையும் சொன்னார். "மிச்ச நாள் ஏன் டீச்சர் போக மாட்டாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். இவள் எழுந்துவிட்டாள். பாசி திரும்பத் தழைக்க நாள் வேண்டும், நீரோட்டம் பார்க்க வேண்டும், பாசியிலேயே மரிக்கொழுந்து ஒரு இடம், கட்டக்கோரை ஒரு இடம், கஞ்சிப்பாசி வேறு என்று நிறுத்தாமல் சொன்னாள். வகுப்பே வாயை மூடிக் கேட்டது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தலைவலி இன்னும் வருகிறது. ஆனால் கூட்டத் தேதியை இப்போது மறைப்பதில்லை, அம்மா வருகிறார்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.

தங்கச்சிமடம், விசைப்படகுக் குடும்பம்

என் அண்ணன் மகனைப் பற்றி எழுதுகிறேன். பத்தாவது படிக்கிறான். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு அப்புறம் படகுகள் கடலுக்குப் போனால் எங்கள் தெருவில் பெண்களுக்கு உறக்கம் ஏது? அந்த முறை அண்ணன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. பிடிபட்டவர்கள் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது அவன்தான் முதலில் பார்த்தான். அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் ஓடி வந்தான். "அத்தை, அப்பா பேரு இருக்கு. நான் அழுதா அம்மா விழுந்துரும். நீங்க வந்து சொல்லுங்க."

அதற்கப்புறம் அவன் அழவே இல்லை. இலங்கையில் ஊர்காவற்துறை நீதிமன்றத்தில் வாய்தா எந்தத் தேதி என்று விரல்நுனியில் வைத்திருப்பான். ராத்திரி ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். தெருவே மெச்சியது: "வீட்டைத் தாங்குற பிள்ளை". நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையே அவன் வாயைக் கட்டிவிட்டது என்று நினைக்கிறேன். தாங்குகிறவன் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வான்?

அவனைத் தேற்றியது சித்தப்பாதான். அவரும் முன்பு ஒருமுறை அங்கே சிறையில் இருந்து வந்தவர். கரையில் உட்கார வைத்து, அங்கே என்ன சோறு போடுவார்கள், எங்கே படுப்பார்கள், நம்ம ஊர் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் எப்படித் துணையாக இருப்பார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அன்றைக்குத்தான் அவன் சித்தப்பா தோளில் சாய்ந்து அழுதான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குத் தெருவே சேர்ந்து போகும்போது இப்போது அவனும் வருகிறான். அண்ணன் இன்னும் வரவில்லை.

மண்டபம் முகாமில் பிறந்தவன், இப்போது சென்னையில் வேலை

தங்கச்சிமடம் அக்கா, உங்கள் பையனின் மனசு எனக்குப் புரிகிறது.

எனக்கு அம்மம்மாதான் எல்லாம். தலைமன்னாரிலிருந்து படகில் வந்த இரவை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஒன்பதாவது படிக்கும்போது அவர் பள்ளிக்கு வந்தால், ஆசிரியர் அவரிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொல்வேன். அவர் வாய் திறந்தால் இலங்கையிலிருந்து வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும், மறுநாள் "அகதி" என்று கூப்பிடுவார்கள். அம்மம்மாவுக்கு அது விளங்கியது. ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

2021-இல் அரசு, அகதி முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு "நான் எந்த நாட்டுக்காரன்?" என்பது மனசுக்குள் மட்டும் இருக்கிற கேள்வி இல்லை, விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய கட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்கு அப்புறம் பிறந்தால் குறைந்தது பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986-இல் இதே மண்டபம் முகாமில் பிறந்த நளினி, நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தச் செய்தியை அம்மா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். நான் பிறந்தது அந்தத் தேதிக்கு அப்புறம்.

முகாமில் பதின்வயதுப் பிள்ளைகள் படிப்பை விட்டால் "பொறுப்பில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். படித்து எங்கே போவது என்று அவர்கள் கேட்பதற்கு முதலில் யாராவது பதில் சொல்லட்டும். என்னைப் படிப்பில் நிறுத்தியது முகாமில் சாயங்காலம் பாடம் சொல்லித் தந்த அண்ணன்மார்கள். அவர்களும் எங்களில் ஒருவர் என்பதால்தான் நம்பிக்கை வந்தது.

கீழக்கரை

எங்கள் ஊரில் வாப்பா வளைகுடா நாட்டில் வேலையில் இருப்பது சகஜம், அதனால் அதை யாரும் குறையாகவே நினைப்பதில்லை. உம்மா, பெரியம்மா, உம்மம்மா, லாத்தாமார்கள் என்று வீடு நிறைய ஆட்கள். எனக்கு ஒரு நாளும் தனிமை தெரிந்ததில்லை. ஆனால் வாப்பா லீவில் வந்தால் எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை போனில் மார்க் மட்டும் கேட்பவர் அவர். மகனோடு வேறு எதைப் பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குக் கல்யாணமாகி, நானும் துபாயில் இருந்துகொண்டு மகனுக்குப் போன் பண்ணும்போதுதான் புரிகிறது. நான் மார்க்கைக் கேட்பதில்லை. இன்றைக்கு யாரோடு விளையாடினாய் என்று கேட்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், சாயல்குடி

எல்லாரும் எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சொந்த பந்தமும் ஊர்ப் பெருமையும் பிள்ளைக்குப் பலம் என்பது உண்மை; அதே பெருமையைக் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறாகக் கட்டிவிட்டு, அடுத்த தெருப் பிள்ளையை முறைக்கச் சொல்லும் பெரியவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறை வகுப்பில் அவிழ்த்துவிடலாம். சாயங்காலம் வீட்டில் திரும்பக் கட்டிவிடுவார்கள். பெற்றோரிடம்தான் பேச வேண்டும், அதுவும் வீட்டுக்கே போய்.

பள்ளி ஆலோசகர், ராமநாதபுரம்

சார், நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பேசுவதற்கும், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தங்கச்சிமடம் அக்கா, தம்பிக்கு ராத்திரியில் மனசு பதறினால் 14416-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஐஸ் கம்பெனி வேலையை விடச் சொல்லி அவனை வற்புறுத்த வேண்டாம். முதலில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசுங்கள், அவன் காதில் விழும்படியே பேசுங்கள். அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அன்றைக்குப் பள்ளியில் தேர்வு இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.