தடா பொருந்தாது, ஸ்டேட்மென்ட் மட்டும் செல்லுமாம்!

கருப்புக்கோட்டு:
நேத்து ராத்திரி ‘தேசம் முதல்’ங்கிற அன்பர் இன்னொரு திரியில எழுதிட்டுப் போனதைப் படிச்சதுலேர்ந்து காந்துது, அதான் தனியா ஒரு திரியே ஆரம்பிச்சுட்டேன். அவர் சொன்னது இதுதான்: ராஜீவ் காந்தி கொலைக் கேஸ்ல தடாங்கிற பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டம் இருந்ததாலதான் ஆளுங்க மாட்டுனாங்களாம், போலீஸ் எஸ்.பி. முன்னாடி குடுக்கிற வாக்குமூலம் (ஸ்டேட்மென்ட்) கோர்ட்ல செல்லும்ங்கிற அந்தப் பிரிவு 15ஐ இப்ப இருக்கிற யு.ஏ.பி.ஏ. சட்டத்துலயும் சேர்த்தாத்தான் தீவிரவாதத்தை ஒழிக்க முடியுமாம், எதிர்க்கிறவன்லாம் தேசத்துரோகியாம். ஐயா சாமி, 1999 மே 11 தீர்ப்பை ஒரு தடவையாச்சும் கண்ணால பாத்தீங்களா? இந்தக் கேஸ் தடாவுலயே வராதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பூந்தமல்லி கோர்ட்ல 26 பேருக்கும் தூக்குன்னு எழுதுனாங்க, மேல போனதும் அதுல 19 பேர் வீட்டுக்குப் போனாங்க. இதுதான் உங்க தடாவோட லட்சணம்.

தேசம் முதல்:
வக்கீல் சார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. பாதித் தீர்ப்பை மட்டும் படிச்சுட்டு ஊரை ஏமாத்துறது உங்களுக்குப் பழக்கமாச்சே. தடா குற்றம் நிக்காட்டியும் பிரிவு 15ல எடுத்த ஸ்டேட்மென்ட் மத்த குற்றத்துக்குச் செல்லும்னு அதே தீர்ப்புல இருக்கா இல்லையா? ஆமாவா இல்லையா, ஒத்தை வார்த்தையில சொல்லுங்க.

சும்மா ஒருத்தன்:
எனக்கு ஒரு சந்தேகம். ஒரு முன்னாள் பிரதமரை மனித வெடிகுண்டு வச்சு கொல்றது தீவிரவாதம் இல்லைன்னா வேற எதுதான் தீவிரவாதம்? முதல்ல அது என்னன்னு யாராச்சும் சொல்லிட்டு சண்டை போடுங்களேன்.

கருப்புக்கோட்டு:
தேசம், ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல இது குவிஸ் போட்டி இல்ல. ஸ்டேட்மென்ட் செல்லும்னு சொன்னாங்க, அதைத்தான் நான் அநியாயம்னு சொல்றேன். 1997ல பிலால் அகமது காலு கேஸ்ல இதே சுப்ரீம் கோர்ட் தடா குற்றச்சாட்டு விழுந்துட்டா அந்த ஸ்டேட்மென்ட்டும் உதவாதுன்னு சொல்லியிருந்துச்சு. ரெண்டே வருசத்துல அது சரியில்லன்னு மாத்திட்டாங்க. சட்டமே பொருந்தாத கேஸ்ல அந்தச் சட்டத்தால மட்டும் செல்லுபடியாகிற காகிதத்தை வச்சு தூக்கு. சாதாரணக் கேஸ்னா போலீஸ்கிட்ட குடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது, வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து சாட்சியச் சட்டம் பிரிவு 25ஆ இருந்துச்சு, 2024 ஜூலைலேர்ந்து புதுச் சாட்சியச் சட்டத்துல பிரிவு 23ஆ இருக்கு. நம்ம போலீஸ் எப்படிக் கேக்கும்னு வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருந்துச்சு, உங்களுக்குத் தெரியல.

தேசம் முதல்:
அப்ப செல்லும்னு சொன்னாங்க. நன்றி வணக்கம். கேஸ் முடிஞ்சுது.

கருப்புக்கோட்டு:
இந்தக் கேஸுக்குத் தடாவே பொருந்தாதுன்னும் சொன்னாங்க. அதுக்கும் நன்றி வணக்கம்.

பாளையங்கோட்டை அல்வா:
ஏல, ரெண்டு பேரும் ஒண்ணை மறந்துட்டிய. பிரிவு 15 செல்லும்னு 1994லயே கர்த்தார் சிங் கேஸ்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லியாச்சு, அதுல முக்கியத் தீர்ப்பை எழுதுனது எங்க திருநெல்வேலி ரத்னவேல் பாண்டியன் ஐயா. அவரே செல்லும்னு சொன்னப்புறம் இங்கன ரெண்டு பேரு அதைச் சோதிச்சுப் பாக்கியளோ?

கருப்புக்கோட்டு:
அண்ணாச்சி, அந்தப் பெஞ்சுல மூணுக்கு ரெண்டுன்னு பிளந்துதான் பிரிவு 15 பொழைச்சுது. ராமசாமியும் சகாயும் செல்லாதுன்னு எழுதுனாங்க. உங்க ஐயாவும் சும்மா விடல, இன்னின்ன பாதுகாப்போடதான் வாக்குமூலம் எடுக்கணும், உடனே மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போகணும்னு வழிமுறை போட்டாரு. ராஜீவ் கேஸ் ஸ்டேட்மென்ட் எல்லாம் 1991ல எடுத்தது, வழிமுறை வந்ததே மூணு வருசம் கழிச்சு. ஊர்ப்பாசம் இருக்கலாம், அதுக்காகப் பாதியை முழுங்காதீங்க.

பாளையங்கோட்டை அல்வா:
நான் எதைய்யா முழுங்குனேன்? பெரிய மனுசனைப் பத்திப் பேசும்போது மரியாதையாப் பேசணும். "உங்க ஐயா"ன்னா என்ன அர்த்தம்?

கோவை குசும்பு:
வந்துட்டாங்கய்யா வந்துட்டாங்க. ஏனுங்க, எங்கூர்க் கதையை யாரும் பேச மாட்டீங்களா? 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பு, 58 பேர் செத்தாங்க. அப்ப தடா 95லயே காலாவதி, அதுக்குப் பின்னாடி வந்த பொடா சட்டம் இன்னும் பொறக்கல. வெடிமருந்துச் சட்டம், இபிகோன்னு சாதாரணச் சட்டத்துலயே நடத்தி 150 பேருக்கு மேல தண்டனை வாங்குனாங்க. எஸ்.பி. ஸ்டேட்மென்ட் எங்க வந்துச்சு அதுல?

தேசம் முதல்:
2007ல தீர்ப்பு வந்துச்சுங்கோ. ஒம்போது வருசம். இதைப் பெருமைன்னு சொல்றீங்களா? அந்தக் கேஸ்ல மாட்டுன கேரள அரசியல் தலைவர் மதானி ஒம்போது வருசத்துக்கு மேல உள்ள இருந்துட்டு விடுதலை ஆனாரே, அதுக்குத் தடா காரணமா?

கோவை குசும்பு:
தடா இல்லாமயே ஒம்போது வருசம் உள்ள வைக்க முடியுதுன்னா தடா எதுக்குங்க உங்களுக்கு?

தேசம் முதல்:
கேள்விக்குக் கேள்வி பதில் இல்ல. நான் கேட்டது ராஜீவ் கேஸ். மனித வெடிகுண்டா வந்த தணு அந்த இடத்துலயே செதறிப் போயிட்டா, சதியை முன்னின்னு நடத்துன சிவராசனும் கூட இருந்த சுபாவும் பெங்களூர் கோணனகுண்டேல செத்துட்டாங்க. உள்ளுக்குள்ள என்ன பேசுனாங்க, யாரு வீடு பிடிச்சுக் குடுத்தா, யாரு குண்டு பெல்ட்டுக்குச் சாமான் வாங்குனா, இதையெல்லாம் யாரு வந்து சொல்லுவா? சதி பண்றவன் நோட்டரி வச்சா பண்ணுவான்? உள்ள இருந்தவன் வாயால வந்தாத்தான் உண்டு. 17 பேர் ஸ்டேட்மென்ட் குடுத்தாங்க, அதுதான் கேஸோட முதுகெலும்பு. அது இல்லாட்டி ஏழு பேரும் 99லயே டாட்டா காட்டிட்டுப் போயிருப்பாங்க. ராணுவமும் உளவுத்துறையும் எத்தனை இருந்தாலும் கோர்ட்ல நிக்கிற மாதிரி ஆதாரம் வேணும்ல, அதுக்குத்தான் இந்தப் பிரிவு. ஏசி ரூம்ல உக்காந்து மனித உரிமை பேசுறவங்களுக்கு இது புரியாது.

கருப்புக்கோட்டு:
ஏசி ரூமா? செங்கல்பட்டு கோர்ட்ல மின்விசிறியே ஓடாது தம்பி, வந்து பாரு. சரி விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் பொறுமையாப் படி.

ராஜீவ் கேஸை உடைச்சது ஸ்டேட்மென்ட் இல்ல, செத்துப் போன போட்டோகிராபர் ஹரிபாபு உடம்புக்குப் பக்கத்துல கிடந்த கேமரா. அதுக்குள்ள இருந்த பிலிம் கெடாம இருந்துச்சு, கழுவிப் பாத்தா மாலையோட நிக்கிற தணு, குர்தா பைஜாமா போட்டுக்கிட்டு பத்திரிகைக்காரன் மாதிரி நோட்டோட நிக்கிற சிவராசன். அதுலேர்ந்து நூல் பிடிச்சுத்தான் சிபிஐ சிறப்புப் புலனாய்வுக் குழுத் தலைவர் கார்த்திகேயனோட டீம் போச்சு. இது போலீஸ் வேலை. இதை நான் பாராட்டுவேன், எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல. அப்புறம் 60 நாள் போலீஸ் கஸ்டடியில வச்சுக்கிட்டு எழுதி வாங்குனது இருக்கே, அது போலீஸ் வேலை இல்ல, குமாஸ்தா வேலை. மத்த நாட்டுல விடு, நம்ம நாட்டுலயே பாரு. நாடாளுமன்றத் தாக்குதல் கேஸ்ல அப்சல் குருவோட பொடா ஸ்டேட்மென்ட்டை 2005ல சுப்ரீம் கோர்ட் ஓரமா தூக்கி வச்சுடுச்சு, பாதுகாப்பு விதியை மதிக்காம எடுத்ததுன்னு. இருந்தும் போன் ரெக்கார்டு, சூழ்நிலைச் சாட்சியம் இதை வச்சே தூக்கு உறுதியாச்சு. கசாப் கேஸ்ல வாக்குமூலம் எடுத்தது மாஜிஸ்திரேட், எஸ்.பி. இல்ல. குஜராத் அட்சர்தாம் கோயில் தாக்குதல் கேஸ்ல பொடா ஸ்டேட்மென்ட்டை நம்பி மூணு பேருக்குத் தூக்கு குடுத்து, 2014 மே 16ல ஆறு பேரையும் நிரபராதின்னு விட்டாங்க. அப்ப கோயிலுக்குள்ள நிஜமாவே சுட்டவனுக்கு உதவுனவன் எங்க? எவனாச்சும் தேடுனானா? ஸ்டேட்மென்ட் கையில இருந்தா எவன் தேடுவான்? போன வருசம் 2025 ஜூலையில மும்பை ரயில் குண்டுவெடிப்பு கேஸ், மகாராஷ்டிராவோட மோக்கா சட்டத்துல இதே மாதிரி போலீஸ் வாக்குமூலம், 12 பேரையும் மும்பை ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. 2006ல நடந்த குண்டுவெடிப்பு. இத்தனை வருசம் கழிச்சு செத்தவன் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?

தேசம் முதல்:
அந்த மும்பைத் தீர்ப்பை முன்னுதாரணமா எடுக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் அதே மாசத்துல தடை போட்டதைச் சொல்ல மாட்டீங்களே. இதுதான் உங்க பாதித் தீர்ப்பு வியாதி. சரி எல்லாம் இருக்கட்டும். ராஜீவ் கேஸ்ல ஸ்டேட்மென்ட் செல்லும்னு சொன்னாங்களா இல்லையா?

கருப்புக்கோட்டு:
தடை போட்டாங்க, ஆனா வெளிய வந்தவங்களைத் திரும்ப உள்ள போகச் சொல்லல. முழுசாச் சொல்லு.

கோவை குசும்பு:
😂😂 ரெண்டு பேருக்கும் அதே வியாதிதான் போல.

மல்லிகா அக்கா:
பேட்டரி விஷயத்தை யாரும் சொல்லலையே! பேரறிவாளன் ரெண்டு ஒம்போது வோல்ட் பேட்டரி வாங்கிக் குடுத்தாருன்னுதானே கேஸு. அந்த ஸ்டேட்மென்ட்டை எழுதுன சிபிஐ எஸ்.பி. தியாகராஜனே பின்னாடி சொன்னாரு, எதுக்குன்னு தெரியாமத்தான் வாங்குனேன்னு அந்தப் புள்ள சொன்னதை நான் எழுதாம விட்டுட்டேன்னு. 2017ல சுப்ரீம் கோர்ட்லயே அபிடவிட் போட்டாரு. 19 வயசுல உள்ள போன புள்ள. அவங்க அம்மா அற்புதம்மா எத்தனை வருசம் ஜெயில் வாசல்ல நின்னாங்க. ஒரு வரியை எழுதாம விட்டதுக்கு 31 வருசம்.

தேசம் முதல்:
ஓய்வு பெற்ற அப்புறம் எல்லாருக்கும் மனசாட்சி வரும் மேடம். பதவியில இருக்கும்போது ஏன் வரல? அவர் சொன்னதுக்கு அப்புறமும் எந்தக் கோர்ட்டாச்சும் நிரபராதின்னு சொல்லுச்சா? 2022 மே 18ல அரசியல் சட்டத்தோட 142வது பிரிவை வச்சு விட்டாங்க, கவர்னர் கோப்பை இழுத்தடிச்சாருன்னு. நிரபராதின்னு இல்ல.

மல்லிகா அக்கா:
மேடம்னு கூப்புடாதீங்க. அக்கான்னு பேரு வச்சிருக்கேன்ல.

தேசம் முதல்:
நான் யாருக்கும் தம்பி இல்ல. கருப்புக்கோட்டு வேற "தம்பி, வந்து பாரு, பொறுமையாப் படி"ன்னு ஒருமையில எழுதுறாரு, நான் இதுவரைக்கும் நீங்கன்னுதான் எழுதிட்டு இருக்கேன். பண்பாடுன்னு ஒண்ணு இருக்கு.

கருப்புக்கோட்டு:
பண்பாடு பத்தி நீ பேசுறியா? முந்தி வேற ஐடியில வந்து "ஏழு பேரும் ஜென்மத்துக்கும் வெளிய வரமாட்டாங்க, வந்தா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்"னு சவால் விட்டது யாரு? 2022 நவம்பர் 11ல மிச்ச ஆறு பேரும் வெளிய வந்தாங்க, அடுத்த வாரமே புதுப் பேர்ல வந்து நின்னது யாரு? எழுத்து நடையை வச்சே கண்டுபிடிச்சிட்டோம், "நன்றி வணக்கம்"னு முடிக்கிறது ஊருக்கே தெரியும்.

தேசம் முதல்:
ஆதாரம் இருக்கா? இல்ல, என் ஸ்டேட்மென்ட்டை எஸ்.பி. கிட்ட வாங்கப் போறீங்களா?

கோவை குசும்பு:
இது நல்லாருந்துச்சுங்க. ஒரு பாயிண்ட் தேசத்துக்கு.

சும்மா ஒருத்தன்:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. அரசாங்கத்தை மிரட்டணும், இல்ல ஜனங்களைப் பீதியாக்கணும், அந்த நோக்கம் இங்க நிரூபணமாகல, ராஜீவைக் கொல்றதுதான் நோக்கம், அதனால தடா வராதுன்னு கோர்ட் சொன்னதா ஒரு இடத்துல படிச்சேன். சரியா? அப்ப இந்திய அமைதிப்படையை மறுபடியும் இலங்கைக்கு அனுப்பிடுவாருன்னு பயந்து புலிகள் கொன்னது அரசாங்கத்தை மிரட்டுறதுல வராதா?

பாளையங்கோட்டை அல்வா:
ரத்னவேல் பாண்டியன் ஐயா விசயத்துல கருப்புக்கோட்டு இன்னும் மன்னிப்பு கேக்கல. நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

மல்லிகா அக்கா:
பொடா வந்தப்ப நாடாளுமன்றத்துல ஆதரிச்சுப் பேசுன வைகோ ஐயாவையே அதே பொடாவுல 2002 ஜூலையில பிடிச்சுப் போட்டாங்க, திருமங்கலத்துல பேசுனதுக்காக. 19 மாசம் வேலூர் ஜெயில். நக்கீரன் கோபாலையும் விடல. தீவிரவாதியைப் பிடிக்கிற சட்டம்னு சொல்லி பேசுறவங்களையும் எழுதுறவங்களையும்தான் பிடிச்சாங்க.

தேசம் முதல்:
ஆதரிச்சவரே உள்ள போனாரு, சட்டம் எல்லாருக்கும் சமம்னு ஆச்சுல்ல? 😀

மல்லிகா அக்கா:
அசிங்கமா இருக்கு நீங்க பேசுறது. அவர் மேல உங்களுக்கு என்ன கோவம்?

கோவை குசும்பு:
அக்கா, அப்ப மத்தியில கூட்டணியில யாரு யாரு இருந்தான்னு ஆரம்பிச்சா இந்தத் திரி பொங்கல் வரைக்கும் ஓடும், வேண்டாமுங்க.

மல்லிகா அக்கா:
ஏன் வேண்டாம்? ஆரம்பிங்க பாப்போம். நீங்க எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாதா?

கோவை குசும்பு:
நான் எந்தக் கட்சியும் இல்லீங்க.

மல்லிகா அக்கா:
எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

கருப்புக்கோட்டு:
கட்சிச் சண்டையை வேற திரியில வச்சுக்கோங்க. இந்தத் திரியை ஆரம்பிச்சவன் நான். தேசம், திரும்பவும் சொல்றேன், யு.ஏ.பி.ஏ.ல ஏற்கனவே 180 நாள் குற்றப்பத்திரிகை இல்லாம உள்ள வைக்கலாம், 43டி(5)ன்னு ஒரு பிரிவை வச்சு ஜாமீனே கிடைக்காம பண்ணலாம். இவ்வளவு இருந்தும் 2004ல பொடாவை எடுத்துட்டு யு.ஏ.பி.ஏ.வைத் திருத்தும்போது எஸ்.பி. வாக்குமூலத்தை மட்டும் அதுல சேர்க்கல. அதுக்கப்புறம் 2008, 2012, 2019னு மூணு தடவை திருத்துனாங்க, மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த மாசமே ஒரு திருத்தம், அப்பக்கூட சேர்க்கல. நீங்க கும்புடுற கவர்மென்ட்டே 2019ல தொடாத விஷயம் அது. அமித் ஷாவுக்குத் தோணாதது உனக்குத் தோணிடுச்சா?

தேசம் முதல்:
குஜராத் மாநிலத்தோட தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துல இருக்கு. ஜனாதிபதி கையெழுத்தும் 2019லதான் வந்துச்சு. மோக்காவுலயும் இருக்கு. தெரியாட்டி கேளுங்க, சொல்லித் தர்றேன்.

கருப்புக்கோட்டு:
நான் சொன்னது மத்தியச் சட்டம்! படிக்கத் தெரியுமா தெரியாதா?

தேசம் முதல்:
எனக்குப் படிக்கத் தெரியும், உங்களுக்குத்தான் ஒத்தை வார்த்தை டைப் பண்ணத் தெரியல. 1999 மே 11. பிரிவு 15. செல்லும்னு சொன்னாங்களா? ஆமா / இல்லை.

கருப்புக்கோட்டு:
1999 மே 11. தடா. பொருந்தாதுன்னு சொன்னாங்களா? ஆமா / இல்லை.

பாளையங்கோட்டை அல்வா:
மன்னிப்பு எங்கவே?