வரிக்குதிரை கோடு மேட்ச் ஆகல, ஒரே குதிரைதானா? அவசரம், ஹெல்ப்!

நைரோபி_நாடோடி:
மக்களே அவசரம். ஜனவரில எடுத்த போட்டோ ஒண்ணு, போன வாரம் எடுத்தது ஒண்ணு. ரெண்டும் ஒரே குதிரைதான்னு டிரைவர் அடிச்சு சொல்றாரு, காது நுனி கிழிஞ்சிருக்கறத வெச்சு. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தா ஒரு கோடு கூட ஒத்து வரல. கோடு நம்ம கைரேகை மாதிரின்னு படிச்சிருக்கேன், அப்ப வேற குதிரையா, இல்ல கோடு மாறுமா? நாளைக்கு கண்காட்சிக்கு பிரிண்ட் குடுக்கணும், "ஒரே தாய், ரெண்டு பருவம்"னு தலைப்பு வேற வெச்சுட்டேன்.

லென்ஸ்_மணி:
போட்டோ எங்க தல? எந்த இடம், எந்த வகை வரிக்குதிரை?

கலர்_காக்கா:
சினையா இருந்திருக்கும். வயிறு உப்பினா கோடு விரியும்ல, பலூன்ல எழுதி ஊதிப் பாருங்க.

லென்ஸ்_மணி:
விரியும் சரி, கோடு எங்க பிரியுது எங்க சேருதுங்கறது எப்படி மாறும்?

மூத்தவன்72:
இதே கேள்விக்கு போன வருஷமே எழுதியிருக்கேன், தேடிப் பாக்கற பழக்கமே யாருக்கும் கிடையாது. வயசாக ஆக கோடு மாறும் தம்பி. குட்டில பழுப்பு, பெருசானா கறுப்பு. பேசிக் விஷயம்.

காட்டுப்பூச்சி:
அண்ணே கலர்தான் மாறும், டிசைன் மாறாது. கருவுல இருக்கும்போதே முடிவாயிடும். 1977ல ஜொனாதன் பார்ட்னு ஒரு உயிரியல் ஆராய்ச்சியாளர் போட்ட கணக்குப்படி சமவெளி வகைக்கு சுமாரா 3வது வாரம், கிரேவிக்கு 5வது வாரம். கரு பெருசான அப்புறம் கோடு விழறதாலதான் கிரேவிக்கு நெருக்க நெருக்கமா மெல்லிசா இருக்கு.

கலர்_காக்கா:
கிரேவியா? மட்டனா சிக்கனா 😂

காட்டுப்பூச்சி:
வட கென்யா, எத்தியோப்பியால இருக்கற இனம்யா அது, வயிறு வெள்ளையா இருக்கும். நாடோடி ப்ரோ, உங்க குதிரைக்கு வயிறு வரைக்கும் கோடு இருக்கா?

நைரோபி_நாடோடி:
சம்புருல எடுத்தது, வயிறு வெள்ளைதான். போட்டோ அப்லோட் ஆக மாட்டேங்குது, நெட் படுத்துது

மூத்தவன்72:
நான் பொதுவா சொன்னேன். அது இருக்கட்டும், கறுப்பு மேலதான் வெள்ளைக் கோடுன்னாவது இங்க யாருக்காவது தெரியுமா?

கலர்_காக்கா:
வெள்ளை மேலதான் கறுப்பு. வயிறே வெள்ளைன்னு இப்பதான சொன்னாங்க.

மூத்தவன்72:
முடிய சிரைச்சா தோல் முழுக்க கறுப்பு. நிறமி வேலை செய்யாத எடத்துல முடி வெள்ளையா வருது, அவ்ளோதான். 2019ல மசாய் மாரால ஒரு குட்டி பொறந்துச்சே, கருத்த ஒடம்புல வெள்ளைப் புள்ளியா, பாக்கலியா?

கலர்_காக்கா:
நான் எதுக்கு குதிரைய சிரைக்கணும்

லென்ஸ்_மணி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்க. ப்ரோ, முக்கியமான கேள்வி, ஒண்ணு இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் எடுத்துட்டீங்களா?

நைரோபி_நாடோடி:
ஆமா, ஜனவரில தல இடது பாத்து நிக்குது, இப்ப வலது பாத்து. அதனாலதான் ஒண்ண திருப்பிப் போட்டு மேட்ச் பண்ணேன்

காட்டுப்பூச்சி:
அடப்பாவி, அத மொதல்லயே சொல்லக் கூடாதா! ஒரே குதிரைக்கு ரெண்டு பக்கமும் வேற வேற கோடு, கண்ணாடில பாக்கற மாதிரி இருக்காது. கென்யால 2016ல கிரேவி கணக்கெடுப்புல மக்கள் கைல ஜிபிஎஸ் கேமரா குடுத்து வலது பக்கத்த மட்டும் எடுங்கன்னு சொன்னதே இதுக்குத்தான். ஒருத்தர் இடது, ஒருத்தர் வலதுன்னு எடுத்தா கம்ப்யூட்டர் ஒரே குதிரைய ரெண்டா எண்ணிடும். ஜனவரி வலது பக்கம் யார் கிட்டயாவது இருக்கா? பின்னந்தொடையும் விலாவும் சேர்ற எடத்த பாருங்க, கோடு பிரியறது அங்க நல்லா தெரியும்.

மூத்தவன்72:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கலர்_காக்கா:
எப்ப?

நைரோபி_நாடோடி:
வீட்டம்மா போன்ல ஜனவரி வலது பக்கம் இருந்துச்சு. தொடைல கவட்டை மாதிரி பிரியற கோடு ரெண்டுலயும் அப்படியே இருக்கு. நன்றி மக்களே, பிரிண்ட் போட ஓடறேன்

லென்ஸ்_மணி:
சூப்பர். போட்டோ போடுங்க ப்ரோ, நாங்களும் பாக்கறோம்

லென்ஸ்_மணி:
ப்ரோ?