மறு: குடியிருப்பில் 'சஃபிஷியன்சி'க்கு என்ன சொல்? என் ஓட்டு 'இடப்போதுமை'க்கு

வணக்கம். 'சஃபிஷியன்சி', அதாவது தேவைக்குப் போதுமான இடத்தோடு நிற்பது, இதற்கு என்ன தமிழ்ச்சொல் என்று கேட்டிருந்தேன். வந்த மூன்று மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> 'இடச்சிக்கனம்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது கட்டட ஆற்றல் பற்றிய கட்டுரை, அதில் சஃபிஷியன்சியும் எஃபிஷியன்சியும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2022-இல் வெளியிட்ட அறிக்கையின் கட்டடங்கள் பற்றிய அத்தியாயமும் முதலில் சஃபிஷியன்சி, அடுத்து எஃபிஷியன்சி, அப்புறம்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று வரிசை வைக்கிறது. எஃபிஷியன்சிக்கு, அதாவது அதே வேலையைக் குறைந்த ஆற்றலில் முடிப்பதற்கு, 'திறன்' நிலைத்துவிட்டது. சிக்கனம் என்று போட்டால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏசி வாங்குவதும் அதில் வரும், காலியாகக் கிடக்கும் மாடியறையை ஒரு மாணவருக்கு விடுவதும் வரும். இந்த இரண்டையும் பிரிக்கத்தானே சொல் தேடுகிறோம்?

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி போதும். 1991-இல் அங்கே தலைக்குச் சுமார் 35 சதுர மீட்டர் குடியிருப்புப் பரப்பு, இப்போது 47-ஐத் தாண்டிவிட்டது. சுவருக்கு வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் என்று சதுர மீட்டருக்கு ஆகும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், சதுர மீட்டரோ கூடிக்கொண்டே போய் மிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. தனியாள் குடித்தனங்கள் பெருகின, பிள்ளைகள் போன பிறகும் பெற்றோர் அதே பெரிய வீட்டில் இருக்கிறார்கள். சின்ன வீட்டுக்கு மாறலாமே என்றால், பழைய ஒப்பந்தத்தில் பெரிய வீட்டுக்குக் கொடுப்பதைவிடப் புது ஒப்பந்தத்தில் சின்ன வீட்டுக்கு அதிக வாடகை கேட்பார்கள். எழுபது வயதுக்காரர் ஏன் நகரப்போகிறார், நானும் நகரமாட்டேன். பெர்லினில் நகரத்துக்குச் சொந்தமான ஆறு வீட்டு நிறுவனங்கள் 2018-இல் வீட்டை மாற்றிக்கொள்ளும் வலைத்தளம் தொடங்கியதே இதற்குத்தான், மாறினாலும் அந்தந்த வீட்டின் பழைய அடிப்படை வாடகையே தொடரும் என்ற விதியோடு. இதில் திறன் எங்கே வருகிறது?

> 'தன்னிறைவு' ஏற்கெனவே இருக்கிறதே.

இருக்கிறது, ஆனால் அது வேறு வேலையில் இருக்கிறது. அரிசியில் தன்னிறைவு என்கிறோம். 'இடத் தன்னிறைவு' என்று படித்தால் சொந்த வீடு வாங்கச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள்.

> பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் ஊரில் 'போதுமை' என்றால், உள்ளது போதும், வாயை மூடு என்று ஏழையிடம் சொல்வதாகிவிடும்.

அம்மா, இந்த மறுப்புதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நகரத்தின் நலிந்த பிரிவினருக்கான வீடு 30 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் உள்ள தரைப்பரப்பு) வரை என்று வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கே அவ்வளவுதான், ஜெர்மனியில் ஓர் ஆளுக்கு 47. பிரிட்டனில் 2013 ஏப்ரலிலிருந்து, பொது வீட்டுவசதியில் வாடகைக்கு இருந்து அரசு வாடகை உதவி பெறுகிறவர்களில் உழைக்கும் வயதினருக்கு, ஒரு படுக்கையறை உபரி என்றால் 14 விழுக்காடு, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 விழுக்காடு என்று உதவிக்கு எடுத்துக்கொள்ளும் வாடகைக் கணக்கில் கழித்தார்கள், உதவி அந்த அளவுக்குக் குறைந்தது. மக்கள் அதைப் 'படுக்கையறை வரி' என்றே அழைத்தார்கள். சொந்த வீட்டில் நான்கு அறையைப் பூட்டி வைத்திருந்தவரை அது தொடவே இல்லை. ஆக, நீங்கள் பயப்படுவது நடந்திருக்கிறது.

ஆனாலும் ஐபிசிசி தரும் வரையறையிலேயே, எல்லோருக்கும் நல்வாழ்வு கிடைக்க வேண்டும், அதுவும் புவியின் எல்லைக்குள் என்று இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. அதாவது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற தரையும் உண்டு, இதற்கு மேலே போகக்கூடாது என்ற கூரையும் உண்டு. 'போது' என்ற வேரில் போதும், போதாது இரண்டுமே பிறக்கும், அதனால் 'இடப்போதாமை' என்ற எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது, பத்துக்குப் பத்து அறையை அந்தச் சொல்லால் அதே கட்டுரையில் குற்றம் சொல்லலாம். சிக்கனத்துக்கு எதிர் ஊதாரித்தனம், அதை வைத்து அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

கிளைச்சொற்களுக்கும் உதவி வேண்டும். சூரிச்சில் டிராம் பணிமனைக்கு மேலே கட்டி 2014-இல் மக்கள் குடியேறிய கால்க்பிரைட்டே கூட்டுறவுக் குடியிருப்பில், சிறுவீடுகள் சில சேர்ந்து ஒரு பெரிய சமையலறையையும் கூடத்தையும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு உண்டு. அதற்குக் 'கொத்துவீடு' என்று போட்டிருக்கிறேன். அங்கேயே, வளர்ந்த பிள்ளைக்குக் கொஞ்ச காலம் தனி அறை வேண்டுமென்றால் பெரிய வீட்டுக்கு மாறாமல் தனியாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் அறைகளும் உண்டு, அவர்கள் சீட்டாட்டப் பெயரிலேயே ஜோக்கர் அறை என்கிறார்கள். 'உதிரியறை' என்றால் பழைய சாமான் போடும் இடம் மாதிரி இருக்கிறது, 'மாற்றறை' என்றால் துணிக்கடை ஞாபகம் வருகிறது. நம் ஊரிலும் சீட்டில் ஜோக்கர் ஜோக்கர்தான், அப்படியே விட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.