என்4 அறிவித்தல் பெற்ற குடும்பத்துக்கு ரொறன்ரோவில் என்ன உதவி உண்டு?

கேள்வி:
ஸ்காபரோவில் எமது கட்டடத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். தொழிற்சாலையில் கணவரின் வேலை நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டதால் வாடகை நிலுவையாகி, வீட்டுச் சொந்தக்காரர் என்4 படிவத்தை (வாடகை நிலுவைக்காக வெளியேறச் சொல்லும் அறிவித்தல்) கொடுத்துவிட்டார். அதில் குறித்த நாளுக்குள் வெளியேறியே ஆக வேண்டுமென நம்பி, அவர்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலில் யாரை நாட வேண்டும்?

மறுமொழி 1:
தயவுசெய்து சாமான்களைக் கட்ட வேண்டாமென்று இன்றே சொல்லுங்கள். என்4 வெறும் அறிவித்தல்தான். நிலுவையைச் செலுத்த அது சில நாள் அவகாசம் தருகிறது, கடைசி நாள் படிவத்திலேயே இருக்கும். அதற்குள் நிலுவையை முழுமையாகச் செலுத்தினால் அறிவித்தல் செல்லாததாகிவிடும். செலுத்த முடியாமற்போனாலும், சொந்தக்காரர் வீட்டுரிமையாளர் வாடகையாளர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். அந்த ஆணையையும் ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அலுவலர் மட்டுமே நிறைவேற்றலாம், சொந்தக்காரர் தாமாகப் பூட்டை மாற்ற முடியாது. விசாரணைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் கலந்துகொண்டு, நிலுவையைத் தவணையாகச் செலுத்த அனுமதி கேட்கலாம். எம்மவரிற் பலர் பயத்தினாலும் வெட்கத்தினாலும் விசாரணைக்குப் போகாமலே வீட்டை இழப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மறுமொழி 2:
பணத்துக்கு, வாடகை நிலுவையில் உள்ளோருக்கு உதவும் ரொறன்ரோ வாடகை வங்கித் திட்டத்தை நாடுங்கள். முன்னர் வட்டியில்லாக் கடனாக வழங்கப்பட்ட இந்த உதவி இப்போது திருப்பிச் செலுத்தத் தேவையற்ற மானியமாகக் கிடைக்கிறது. ஆனால் இனிவரும் மாத வாடகையைச் செலுத்தத்தக்க வருமானம் உண்டென்று காட்ட வேண்டியிருப்பதால், கணவரின் சம்பளச் சீட்டுகளோடு குத்தகை ஒப்பந்தத்தையும் என்4 படிவத்தையும் எடுத்துச் செல்லட்டும். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற அரச சமூக உதவிப் பணம் பெறும் குடும்பமாயின், தமது அலுவலரிடம் வீட்டு நிலைப்படுத்தல் நிதியைக் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மனைவிக்கு ஆங்கிலம் போதாது. ஹைட்ரோ (மின்சார) கட்டணமும் நிலுவையில் இருக்கிறது.

மறுமொழி 3:
சமூக சேவைகள் பற்றிய தகவல் தரும் 211 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அருகிலுள்ள சமூக நிறுவனத்தையும் இலவசச் சட்ட உதவி நிலையத்தையும் அவர்களே சொல்வார்கள். ஹைட்ரோ நிலுவைக்கு, குறைந்த வருமானமுள்ளோருக்கான எரிசக்தி உதவித் திட்டத்தில் மானியம் உண்டு. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை, கட்டணம் செலுத்தாத காரணத்துக்காக வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க ஒன்ராறியோவில் அனுமதியில்லை. ஆயினும் அந்த மாதங்களில் நிலுவை வளர்ந்துகொண்டே போகும் என்பதால், வாடகை வங்கிக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்கும் விண்ணப்பிப்பது நல்லது.