ஓடும் லாரியில் டயர் வெடித்தால்: அந்தச் சில நொடியும் அதற்குப் பிறகும்

பெங்களூரு–மதுரை லைன் டிரைவர்

முன் டயரில் இருந்து ஆரம்பிக்கிறேன். உயிர் போறது பெரும்பாலும் அங்கதான்.

சத்தம் கேட்டதும் கால் தானா பிரேக்குக்குப் போகும். அதை அடக்கறதுதான் முதல் வேலை. வெடிச்ச பக்கம் வண்டி இழுக்கும்: இடது போனா ரோட்டோரம், வலது போனா மீடியன். அந்த நேரத்துல பிரேக் மிதிச்சா லோடு முழுக்க முன்னாடி சாயும். காத்தில்லாத டயர் இன்னும் நசுங்கி, ரிம் தாரைக் கவ்வி, வண்டி அந்தப் பக்கமே திரும்பிடும்.

ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க, கட்டைவிரல் கம்பிக்கு உள்ள போகக் கூடாது. ஆக்சிலேட்டர் இருந்த இடத்துலயே இருக்கட்டும். இழுவை பலமா இருந்தா ஒரு நொடி கொஞ்சம் கூடவே மிதிக்கலாம். வேகம் ஏத்தறதுக்கு இல்ல, பக்கவாட்டு இழுப்பை எஞ்சினோட தள்ளு சமாளிக்கணும்னு. வண்டி லேன்ல நேரா நின்னதுக்கு அப்புறம் காலை மெதுவா எடுங்க. கிளட்ச் மிதிக்காதீங்க, கியர்லயே வேகம் இறங்கட்டும். 30 கி.மீ.க்குக் கீழ வந்த பிறகுதான் பிரேக்கை லேசா தொடணும்.

எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகைக்குழாயை அடைச்சு எஞ்சின் மூலமா வேகத்தைக் குறைக்கறது, பின் சக்கரத்துல மட்டும் பிடிக்கும். அதனால வண்டி நேரான பிறகு போடலாம். மழை ரோட்டுலயும் காலி வண்டியிலயும் வேண்டாம், பின்பக்கம் சறுக்கும்.

இன்னொண்ணு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெடுக்குனு ஒடிக்காதீங்க. பஞ்சு, வைக்கோல் மாதிரி உசரமான லோடுன்னா ரெண்டாவது திருப்பத்துலயே சாஞ்சிரும். இழுக்கற அளவுக்கு மட்டும் எதிர்த்துப் பிடிச்சா போதும்.

புதுசா லைனுக்கு வந்தவன்

அண்ணே, பின்னாடி ஜோடி டயர்ல ஒண்ணு வெடிச்சா? இன்னொண்ணு இருக்கே, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போயிடலாம்னு சொல்றாங்களே.

டயர் கடை, நாமக்கல்

போகக் கூடாது தம்பி. கணக்கைப் பாருங்க. 10.00 ஆர் 20 டயரின் பக்கச்சுவரில் 146/143 என்று போட்டிருந்தால், தனியாக ஓடும்போது 3000 கிலோ, ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 2725 கிலோ தாங்கும் என்று அர்த்தம். முழு லோடில் ஜோடி சுமப்பது 5450 கிலோ. ஒன்று போனால் அத்தனையும் 3000 கிலோ தாங்கும் டயரின் தலையில் இறங்கும். அது அடுத்த கடை வரை தாக்குப் பிடிக்கலாம், அடுத்த வளைவிலேயே போகலாம்.

ஜோடியில் உள்பக்கம் இருக்கும் டயர் வெடித்தால் இன்னும் மோசம். வண்டி இழுக்காது, கண்ணாடியிலும் தெரியாது, வெடித்த சத்தம் கேபினில் ஓடும் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப் போகும். காத்தில்லாத உள் டயர் வெளி டயரோடு உரசிச் சூடேறித் தீப்பிடிக்கும். ரப்பர் தீய்ந்த வாடை வந்தாலோ, பின்னால் வருகிறவர் விளக்கு அடித்தாலோ உடனே ஓரம் கட்டுங்கள்.

ஏர் பிரேக் மெக்கானிக்

பின் டயர் உரிந்தால் அந்தப் பட்டை சாட்டை மாதிரி சுற்றி அடிக்கும். மட்கார்டு போகும், ஒயரிங் அறும், பிரேக் சேம்பருக்குக் (காத்தால் பிரேக்கை இயக்கும் பகுதி) காத்து கொண்டுபோகும் ஹோஸும் அறும். ஆகவே வெடித்த பிறகு ஒரு கண் ஏர் கேஜில் இருக்கட்டும். முள் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, பஸ்ஸர் கத்தினாலோ நிறுத்துவதற்கு அதிக நேரம் இல்லை. ஏர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி எந்த லேனில் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், நகர்த்த முடியாது. பாதையின் நடுவில் அப்படி நிற்கும் லாரிதான் அடுத்த விபத்துக்குக் காரணம். ஏர் இருக்கும்போதே இடது ஓரம் போய்விடுங்கள்.

ஹைவே ரோந்து

நிறுத்துகிற இடம் பற்றி. வெடித்த டயரைக் காப்பாற்ற நினைத்து வளைவிலோ மேம்பாலத்திலோ நிறுத்தாதீர்கள். டயர் எப்படியும் போய்விட்டது. ஹசார்டு போட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, அகலமான ஓரத்துக்கோ லாரி நிறுத்தத்துக்கோ போவது நல்லது. புகை வந்தால் மட்டும் இது பொருந்தாது, அங்கேயே நிறுத்தி இறங்க வேண்டும்.

வலது பக்க டயர் என்றால் மாற்றுகிறவரின் முதுகு ஓடும் லேனில் இருக்கும். முடிந்த மட்டும் இடது பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். முக்கோணப் பலகையை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள், இரவிலும் வளைவிலும் இன்னும் தள்ளி. வைக்கப் போகிறவர் வண்டிகளைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். கிளீனர் வண்டிக்குப் பின்னால் நின்று டார்ச் அடிப்பதை நிறுத்துங்கள். வேலை இல்லாதவர்கள் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போகட்டும்.

மரக்கிளையும் கல்லும் அடுக்குகிற பழக்கம் வேண்டாம். வண்டி கிளம்பிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும், இருட்டில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறுவார். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொன்னால் சீக்கிரம் வந்து சேர முடியும்.

டயர் கடை, நாமக்கல்

நின்ற பிறகு ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் ஆட்கள் சாவது அதற்குப் பிறகுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சூடு. பிரேக் டிரம் கொதித்து டயர் புகைந்தால் நேராக முன்னால் போய்க் குனியாதீர்கள். உள்ளே ரப்பர் சிதைந்து வாயுவாகி, வெளியே நெருப்பே தெரியாமல் வெடிப்பது உண்டு. நெருப்பு வந்துவிட்டால் தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் அதை அமுக்கும், ஆனால் உள்ளே சூடு இருக்கும்வரை திரும்பப் பற்றும். நிறையத் தண்ணீர் வேண்டும். அது இல்லையென்றால் ஆளை விலக்கிவிட்டுத் தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது லாக் ரிங். டியூப் போட்ட டயரில் டிஸ்க்கும் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) டயரை அதில் பிடித்து வைக்கும் ரிங்கும் தனித்தனி. ரிங் காடியில் சரியாக உட்காராமல், துருப்பிடித்து, அல்லது வேறு டிஸ்க்கின் ரிங்கை மாற்றிப் போட்டுக் காத்து அடித்தால் அது தெறிக்கும். 100 பி.எஸ்.ஐ.க்கு (காத்தழுத்த அளவு) மேலான அழுத்தத்தில் தெறிக்கும் இரும்பு வளையம் எதிரில் இருப்பவரை விடாது. ஜோடியில் ஒன்று வெடித்திருந்தால் நட்டைக் கழற்றும் முன் இரண்டு டயரிலும் வால்வைத் திறந்து காத்தை முழுக்க இறக்குங்கள். டிஸ்க் விரிசல் விட்டிருந்தால் அதைப் பிடித்திருப்பது அந்த நட்டு மட்டும்தான். காத்து அடிக்கும்போது டயரை இரும்புப் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். காத்து ஏறிய பிறகு ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதை நான் எவ்வளவு கெஞ்சியும் நிறுத்தாத கடைகள் இருக்கின்றன. தயவுசெய்து விடுங்கள்.

மூன்றாவது, ரேடியல் டயர். காத்து குறைந்து ஓடிய டயரின் பக்கச்சுவரில் இரும்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக ஒடிந்திருக்கும், வெளியே தெரியாது. ‘பஞ்சர்தானே’ என்று ஒட்டிக் காத்து ஏற்றும்போது ஜிப் திறப்பது போல நீளமாகக் கிழிந்து வெடிக்கும். இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே ஓடிய டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காத்து அடிக்காதீர்கள். ஏறும்போது சடசடவென்று சத்தம் கேட்டால் கிட்டே போகாமல் காத்தை நிறுத்தி இறக்குங்கள். பக்கச்சுவரில் அலை மாதிரி மேடு பள்ளம் தெரிந்தால் அது குப்பைக்கு.

சேலம்–பெங்களூரு சிமென்ட் லோடு

டயர் வெடிக்கறதுக்குக் காங்கிரீட் ரோடு, வெயில்னு எல்லாரும் அதையே சொல்றாங்க. வெயில் சூட்டைக் கூட்டும், ஆனா அடிப்படைக் காரணம் காத்து குறைவு. காத்து குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியும், அந்தச் சூட்டுல ரப்பரும் கம்பியும் பிரியும். ராடால தட்டிப் பார்த்தா முழுசா இறங்கினது மட்டும்தான் தெரியும். 110 பி.எஸ்.ஐ.க்கும் 80க்கும் காது வித்தியாசம் சொல்லாது. கிளம்பறதுக்கு முன்ன, டயர் ஆறி இருக்கும்போது கேஜ் வைங்க. ஓடின சூட்டுல அளவு ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காத்தை இறக்கினா நாமளே டயரைக் கெடுக்கறோம்.

தர்மபுரியில இருந்து இறங்கற தொப்பூர் கணவாய் தனி விஷயம். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு, பிரேக்லயே பிடிச்சு இறங்கினா டிரம் சூடு ரிம் வழியா டயருக்கு ஏறும். பிரேக்கும் பிடிக்காது, டயரும் தாங்காது. மேட்டுலயே கீழ் கியர் போட்டு எக்ஸாஸ்ட் பிரேக்ல இறங்குங்க.

முன் சக்கரத்துல ரீட்ரேடு, அதாவது மேல் ரப்பர் புதுசா ஒட்டின பழைய டயர், போடாதீங்க. ஜோடியில ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சதுன்னு கலக்காதீங்க, உசரமானது லோடைத் தனியா சுமக்கும். ரெண்டுக்கும் நடுவுல கல் மாட்டியிருக்கான்னு டீ குடிக்க நிக்கறப்ப எல்லாம் பாருங்க.

கார்க்காரர்

பக்கத்தில் போகிற எங்களுக்கு?

பெங்களூரு–மதுரை லைன் டிரைவர்

லாரி டயருக்குப் பக்கத்துல சேர்ந்தே ஓட்டாதீங்க சார். முந்தறதுன்னா ஒரே மூச்சுல முந்துங்க, இல்லன்னா பின்னாடியே இருங்க. ரோட்டுல டயர் பட்டை கிடந்தா வெடுக்குனு ஒடிக்காம வேகத்தைக் குறைங்க. தூரத்துலயே தெரியற அளவுக்கு இடைவெளி விட்டாதான் அது முடியும்.

புதுசா லைனுக்கு வந்தவன்

ஸ்டெப்னி மாத்தினதும் கிளம்பிடலாமா அண்ணே?

டயர் கடை, நாமக்கல்

நட்டை வரிசையாக முறுக்கியிருந்தால் கிளம்பாதீர்கள். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். டிஸ்க் உட்காரும் இடத்தில் மண்ணோ, புதிதாக அடித்த பெயின்டோ இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள், ஓடும்போது அது நசுங்கி நட்டு தளரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. வெடித்த டயருக்கு ஜோடியாக இருந்ததையும் அதே கடையில் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள், முழு லோடையும் சுமந்தது அதுதான்.