கீழ்வீட்டுச் சுவர்

குழு: தாத்தா வீடு

லலிதா, மாலை 6.10
முன்னனுப்பியது: "அவசரம்! இன்று இரவு 11.30 முதல் 2 மணிக்குள் 8.5 அளவில் நிலநடுக்கம். அனைவருக்கும் பகிரவும்."

குமார், 6.12
யாருக்கும் அனுப்பாதே.

லலிதா, 6.12
மூன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேனே.

மீனா, 6.15
அத்தை, நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஜப்பானில் போனில் வரும் எச்சரிக்கைகூட, பூமிக்கடியில் நடுக்கம் தொடங்கிய பிறகு வருவதுதான். முதலில் வரும் வேகமான அலையைக் கருவி பிடித்துவிடும். பின்னால் வரும் பலமான அலைக்குள் சில நொடி கிடைக்கும், அவ்வளவுதான்.

சுந்தரம், 6.21
அதிருக்கட்டும். நாளைக் காலை கொத்தனார் வருகிறார். கீழே நடுச்சுவர், கிழக்குச் சுவர் இரண்டையும் எடுக்கிறோம். இரண்டு கார் நிற்கும். குமார், தூசி வரும், ஜன்னலைச் சாத்தி வை.

குமார், 6.22
யாரைக் கேட்டு?

சுந்தரம், 6.22
கீழ்வீடு என் பங்கு.

குமார், 6.23
மேல்வீடு அதன் மேல்தானே நிற்கிறது, அண்ணா.

லலிதா, 6.24
எனக்கு மொட்டைமாடியையாவது எழுதி வைத்திருக்கலாம் அப்பா 😄

மீனா, 6.31
பெரியப்பா, தயவுசெய்து நிறுத்துங்கள். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. பல கட்டடங்களில் கீழே கார் நிறுத்த வெறும் பில்லர், மேலே சுவரோடு வீடுகள். மேல்பகுதி பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுக்கக் கீழ்ப்பில்லரின் தலையிலும் அடியிலும் வந்து விழும். அங்கே உடைந்தால் மேல்மாடி அப்படியே உட்கார்ந்துவிடும். 2023இல் துருக்கியிலும் இதே கதை, கீழே கடை, மேலே வீடு. நீங்கள் கிழக்குச் சுவரையும் எடுக்கிறீர்கள். மேற்கே மட்டும் சுவர் இருந்தால் வீடு நேராக ஆடாது, முறுக்கிக்கொள்ளும்.

கணேஷ், 6.33
இவ்வளவு பெரிய மெசேஜா

சுந்தரம், 6.34
துருக்கி எங்கே, நாம் எங்கே.

மீனா, 6.36
2025 மார்ச்சில் மியான்மரில் 7.7. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் சரிந்தது. அங்கே அடியில் இருப்பது மென்மையான களிமண். தூரத்திலிருந்து வரும் மெதுவான அலையை அது பெரிதாக்கிவிடும்.

சுந்தரம், 6.38
அப்பா கட்டிய வீடு. அந்தக் காலத்துக் கம்பி.

மீனா, 6.43
கம்பியைவிட ரிங்தான், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்தான், எனக்குக் கவலை. போன தடவை குளியலறைப் பக்கத்துப் பில்லரில் பூச்சு உதிர்ந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு ரிங்குக்கு நடுவில் என் உள்ளங்கை முழுதாக உள்ளே போயிற்று. ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடித்து விட்டிருக்கிறார்கள். 135 டிகிரி மடித்து உள்ளே செருகியிருக்க வேண்டும். குலுக்கலில் மேல் கான்கிரீட் உதிர்ந்தால் 90 டிகிரிக் கொக்கி பிரிந்துவிடும். அப்புறம் நீளக் கம்பி வளைந்து வெளியே வரும்.

சுந்தரம், 6.45
மேலே உன் அப்பா இரண்டு டேங்க் வைத்தாரே, அதற்கு என்ன சொல்கிறாய்?

மீனா, 6.46
அதுவும் தப்புதான். உச்சியில் எடை கூடினால் கீழே இழுப்பும் கூடும்.

லலிதா, 6.46
😂😂

குமார், 6.47
மீனா.

லலிதா, 6.52
ஜப்பானில் கட்டடத்துக்கு அடியில் ரப்பர் வைப்பார்களாமே? நம் வீட்டுக்கும் வைத்தால் என்ன?

மீனா, 6.56
ரப்பரும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கி, நடுவில் ஈயத் தண்டு வைப்பார்கள். தரை வேகமாக ஆடும், மேலே கட்டடம் மெதுவாக நகரும். பூஜில் மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது இப்படித்தான் கட்டினார்கள். துருக்கியிலும் இதன்மேல் நின்ற மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்கின. நம் பழைய வீட்டுக்கு அது தேவையில்லை அத்தை. பில்லரைச் சுற்றி கம்பி கட்டி கான்கிரீட் போட்டுத் தடிமனாக்கலாம்.

கணேஷ், 6.58
விழாமல் நின்றால் போதாதா?

மீனா, 7.01
நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011இல் விழாமல் நின்றவற்றில் எத்தனையோ கட்டடங்களைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, கட்டடம் தப்பவில்லை. அதனால்தான் இப்போது சேதத்தையும் குறைக்கிற மாதிரி வடிவமைக்கப் பார்க்கிறார்கள்.

சுந்தரம், 7.09
சரி, கொத்தனாரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை.

மீனா, 7.10
அதற்குள் பழைய வரைபடம் கிடைக்குமா? எது தாங்குசுவர் என்று முதலில் பார்க்க வேண்டும்.

லலிதா, 7.11
அப்பாவின் இரும்புப் பெட்டியில். சாவி யாரிடம்?

குமார், 7.15
அண்ணாவிடம்.

சுந்தரம், 7.15
குமாரிடம்.

லலிதா, 7.16
பதினோரு வருஷமாக இதே பதில்.

லலிதா, இரவு 11.34
11.30 தாண்டிவிட்டது. எல்லோரும் எங்கே?

சுந்தரம், 11.35
காரில் உட்கார்ந்திருக்கிறேன்.

குமார், 11.36
கார் எங்கே?

சுந்தரம், 11.36
தெருவில். உள்ளே நிறுத்தத்தான் விடமாட்டேன் என்கிறீர்களே.